காரம்னா அந்தக் காரம் இல்ல

வணக்கம் நேயர்களே. பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க, எனக்கு எப்பவும் பத்தாது, பார்ப்போம்.

உலோகம், அலோகம் (அதாவது உலோகம் அல்லாதது), அமிலம், காரம். இந்த நாலுல என்னை ரொம்ப நாளா உறுத்தறது கடைசி வார்த்தைதான். நாக்கு எரிஞ்சாலும் காரம்ங்கறோம், கெமிஸ்ட்ரி புக்கும் அமிலத்துக்கு எதிரா இருக்கற பொருளைக் காரம்ங்குது, ரெண்டும் ஒண்ணுதான்னு நானே எட்டாவது வரைக்கும் நம்பிட்டு இருந்தேன். மிளகாய் எரியறது கேப்சைசின்ங்கற பொருளால, அந்த எரிச்சலுக்கும் நம்ம காரத்துக்கும் சம்பந்தமே இல்லங்க. ஆனா பழைய ஆளுங்க வச்ச பேரைப் பாருங்க, சோப்புக்கு சவுக்காரம், இலங்கைல இன்னிக்கும் சவர்க்காரம், போராக்ஸுக்கு வெங்காரம். ரெண்டையும் தண்ணில கரைச்சு சிவப்பு லிட்மஸ் பேப்பரை நனைச்சா நீலமாயிடும், காரத்துக்கு அதான் அடையாளம். பேருக்குள்ளயே விஷயம் உக்காந்திருக்கு, நாமதான் கண்டுக்கல.

காரத்தைத் தொட்டா வழவழன்னு இருக்கும்னு படிச்சிருப்பீங்க, தொட்டுப் பாக்காதீங்க, அதான் நான் சொல்ல வர்ற கதை. காலேஜ் லேப்ல காஸ்டிக் சோடாங்கற கடுமையான காரத்தோட கரைசல் என் விரல்ல பட்டுடுச்சு, எரியவே இல்ல, சோப்பு மாதிரி வழுக்குச்சு, அவ்ளோதானேன்னு விரலைத் தேய்ச்சு விளையாடிட்டு நிக்கறேன். சார் பாத்துட்டு ஓடி வந்து கையைப் புடிச்சு குழாய்க்குக் கீழ நீட்டிட்டாரு. "சோப்பு மாதிரி இல்லடா, சோப்பேதான், உன் தோல்ல இருக்கற கொழுப்புல இருந்து ஆவுது"ன்னாரு. கொழுப்பும் காரமும் சேர்ந்தா சோப்பு, ஃபேக்டரில நடக்கறதும் அதான், என் விரல்ல நடந்ததும் அதான். நான் பாட்டுக்கு பக்கத்துல இருந்த ஆசிட்டை ஊத்திக் கழுவப் போனேன், அமிலமும் காரமும் சேர்ந்தா சரியாப் போயிடும்னு படிச்சிருந்தேனே! அதுக்கும் திட்டு. ரெண்டும் சேர்றப்ப சூடு கிளம்பும், அது வேற தோலைப் பொசுக்கும். தண்ணிதான், நிறைய தண்ணி.

சரி, உலோகத்துக்கு வருவோம். பளபளப்பு, தட்டினா தகடு ஆகும், கரண்ட் பாயும், இதெல்லாம் தெரிஞ்சதுதான். பென்சில்ல இருக்கற கிராஃபைட் அலோகம், அதுலயும் கரண்ட் பாயும். பாதரசத்தைத் தட்டித் தகடாக்கவே முடியாது, அது ஊத்தற உலோகம். அதனால உலோகமா அலோகமான்னு என்னைக் கேட்டா, எரிச்சுப் பாருங்கன்னு சொல்வேன், நீங்க இல்ல, லேப்ல. மெக்னீசியம் நாடா கண்ணு கூசற வெளிச்சத்தோட எரிஞ்சு வெள்ளைச் சாம்பல் ஆகும், அதைத் தண்ணில கலக்கினா காரம். கந்தகத்தை எரிச்சு அந்தப் புகையைத் தண்ணில விட்டா அமிலம். ரெண்டும் ஆக்சிஜனோடதான் சேர்ந்துச்சு, ஆனா உலோகம் ஒரு பக்கம் போகுது, அலோகம் இன்னொரு பக்கம் போகுது. பெரும்பாலும் அப்படித்தான்.

இதுல பெரிய ஆளே ஒருத்தர் ஏமாந்தாரு. பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியேக்கு எல்லா அமிலத்துலயும் ஆக்சிஜன் இருக்கும்னு நினைப்பு, அதனாலதான் அந்தப் பேரையே வச்சாரு, ஆக்சிஜன்னா அமிலத்தை உண்டாக்கறதுன்னு அர்த்தம். மெக்னீசியச் சாம்பல்லயும் ஆக்சிஜன் இருக்கு, அது காரமாச்சே! அப்புறம் 1810-ல இங்கிலாந்து விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி வந்து, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல ஆக்சிஜனே கிடையாதுன்னுட்டாரு, அதுல இருக்கறது ஹைட்ரஜனும் குளோரினும்தான். நம்ம வயித்துல சுரக்கறதும் அதே ஆசிட்தான். ஆக அமிலத்துக்கு சூத்திரதாரி ஹைட்ரஜன். அது தண்ணில அயனியா, அதாவது மின்சுமை உள்ள துகளாப் பிரிஞ்சு வர்றதுதான் அமிலத் தன்மைன்னு 1884-ல ஸ்வீடன் விஞ்ஞானி அரீனியஸ் எழுதினாரு. பேரு மட்டும் ஆக்சிஜனோடயே ஒட்டிக்கிச்சு, யாரும் மாத்தல.

ஐயோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டறாங்க. பிஹெச், அதாவது ஒரு கரைசல் எவ்ளோ அமிலம், எவ்ளோ காரம்னு சொல்ற அளவு, அதைப் பத்தி தனியா சொல்லணும்னு வந்தேன், 1909-ல டென்மார்க் விஞ்ஞானி சோரன்சன் கொண்டு வந்தாரு, 7 நடுவுல, ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு வித்தியாசம், 3-க்கும் 5-க்கும் நூறு மடங்கு, அவ்ளோதான் இப்போதைக்கு. அலுமினியம் பாக்கி, அதோட ஆக்சைடு அமிலத்துலயும் கரையும், காஸ்டிக் சோடாலயும் கரையும், அதனால அலுமினியப் பாத்திரத்துல காஸ்டிக் சோடா ஊத்தாதீங்க, ஹைட்ரஜன் பொங்கிட்டு வரும். ஏன்னு சொல்ல நேரம் இல்லங்க, வணக்கம்.