வெளிநாட்டில் ஆடினால் இங்கே இடமில்லை: சான் கோப்பையின் கதை

[திரையில்: மானே, ஹக்கிமி, ட்ரோக்பா படங்கள் ஒவ்வொன்றாக]

செனகல் என்றதும் சாடியோ மானே. மொராக்கோ என்றதும் அஷ்ரஃப் ஹக்கிமி. ஐவரி கோஸ்ட் என்றால் பலருக்கு இன்னமும் டிடியே ட்ரோக்பாதான். மூவரும் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையில் ஆடிப் பேர் வாங்கியவர்கள். ஆனால் அதே ஆப்பிரிக்காவில், அதே தேசிய அணிகள் அதே ஜெர்ஸியில் மோதுகிற இன்னொரு சாம்பியன்ஷிப் இருக்கிறது. அதில் இந்த மூன்று பேரும் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை.

அதன் பெயர் சான் (CHAN), அதாவது ஆப்பிரிக்க நாடுகள் சாம்பியன்ஷிப். நடத்துவது ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான காஃப். விதி ரொம்ப எளிது: உங்கள் நாட்டு அணியில் ஆட வேண்டுமானால், உங்கள் நாட்டு லீக்கில் நீங்கள் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். ஐரோப்பா மட்டுமல்ல, கென்யாக்காரர் ஒருவர் பக்கத்து நாடான தான்சானியாவின் கிளப்பில் ஆடினாலும் அணியில் இடம் கிடையாது.

எதற்கு இப்படி ஒரு விதி? மொராக்கோவையே எடுத்துக்கொள்வோம். 2022 உலகக் கோப்பையில் அரையிறுதிவரை போன அந்த அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். பெரிய ஆப்பிரிக்க அணிகள் பலவும் ஐரோப்பிய லீக்குகளை நம்பித்தான் இருக்கின்றன. அப்படியானால் கசபிளாங்காவிலோ கம்பாலாவிலோ வாராவாரம் உள்ளூர் மைதானத்தில் ஆடுகிறவருக்கு தேசிய ஜெர்ஸி எப்போது கிடைக்கும்? அதற்காகத்தான் 2009-ல் சான் தொடங்கியது.

முதல் போட்டியே ஐவரி கோஸ்டில். எட்டு அணிகள். அப்போது ட்ரோக்பா செல்சியில், யாயா டூரே பார்சிலோனாவில், அவருடைய அண்ணன் கோலோ டூரே ஆர்சனலில். அவர்கள் இருக்கிற தேசிய அணியைப் பார்த்து ஆப்பிரிக்காவே பயந்த காலம். அவர்களை எடுத்துவிட்டு, உள்ளூர் ஆட்டக்காரர்களோடு சொந்த மண்ணில் இறங்கிய ஐவரி கோஸ்ட், தான்சானியாவிடம் 1-0 என்று தோற்று, குரூப் சுற்றோடு வெளியேறியது. ஒரு நாட்டில் பெரிய ஆட்டக்காரர்கள் பிறப்பது வேறு, நல்ல லீக் இருப்பது வேறு என்பது அங்கேயே தெரிந்துபோயிற்று.

கோப்பையை வென்றது காங்கோ ஜனநாயகக் குடியரசு. இறுதிப்போட்டியில் கானாவை 2-0 என்று வீழ்த்தியது. அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. அந்த நாட்டின் லுபும்பாஷி நகரத்தில் டிபி மசெம்பே என்று ஒரு கிளப் இருக்கிறது. காசு இருந்ததால் நல்ல ஆட்டக்காரர்களை ஊரிலேயே தக்கவைக்க அவர்களால் முடிந்தது. அந்த சானில் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற ட்ரேசோர் முபுட்டு மசெம்பேக்காரர். 2009, 2010 இரண்டு வருஷமும் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் மசெம்பேவுக்குத்தான். 2010 கிளப் உலகக் கோப்பையில் பிரேசிலின் இன்டர்நாசியோனல் கிளப்பைத் தோற்கடித்து இறுதிவரை போனார்கள். அங்கே இன்டர் மிலானிடம் 3-0 என்று தோற்றது வேறு விஷயம். அதுவரை எந்த ஆப்பிரிக்க கிளப்பும் அந்த மேடைக்குப் போனதில்லை.

2011-ல் சூடானில் நடந்த அடுத்த சானில் துனிசியா ஜெயித்தது. அதைத் தாண்டிப் போவோம், ஏனென்றால் அதற்கு அடுத்தது சுவாரசியமானது.

[திரையில்: கேப்டவுன் மைதானம், 2014]

லிபியா. கடாஃபி ஆட்சி 2011-ல் கவிழ்ந்தபின் நாடு நிலைகுலைந்து கிடந்தது. அங்கே நடக்க வேண்டிய 2013 ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையைத் தென்னாப்பிரிக்காவுக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷம் அதே தென்னாப்பிரிக்காவுக்கு சான் ஆட வந்தது லிபியா. பயிற்சியாளர், முன்பு ஸ்பெயின் அணியை நடத்திய ஹாவியர் கிளெமென்டே.

இனி கணக்கைப் பாருங்கள். குரூப் சுற்றில் எத்தியோப்பியாவை 2-0 என்று ஜெயித்தார்கள், மற்ற இரண்டும் டிரா. காலிறுதியில் காபோனோடு டிரா, பெனால்டியில் வெற்றி. அரையிறுதியில் ஜிம்பாப்வேயோடு டிரா, பெனால்டியில் வெற்றி. இறுதிப்போட்டியில் கானாவோடு 0-0, அதுவும் பெனால்டி, 4-3. ஆறு ஆட்டத்தில் பெனால்டி இல்லாமல் ஜெயித்தது ஒன்றே ஒன்று. கோப்பை கைக்கு வந்துவிட்டது! அழகான கால்பந்து என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எந்த நிலைமையில் இருந்து வந்து ஆடினார்கள் என்று நினைத்தால், குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2016-ல் ருவாண்டாவில் மறுபடியும் காங்கோ. அப்புறம் மொராக்கோவின் காலம் ஆரம்பிக்கிறது.

2018 போட்டி கென்யாவில் நடந்திருக்க வேண்டியது. ஏற்பாடுகள் போதவில்லை என்று காஃப் அதைப் பறித்து மொராக்கோவுக்குக் கொடுத்தது. இறுதிப்போட்டியில் மொராக்கோ நைஜீரியாவை 4-0 என்று துவைத்து எடுத்தது. அயூப் எல் காபி என்ற ஸ்ட்ரைக்கர் அந்தத் தொடர் முழுவதிலும் 9 கோல் போட்டார். சானில் ஒரே தொடரில் வேறு யாரும் அத்தனை அடித்ததில்லை.

ஒருவர் இங்கே இப்படி ஆடினால் என்ன நடக்கும்? வெளிநாட்டு கிளப் வந்து தூக்கிக்கொண்டு போகும். போனபின் அவர் சான் ஆட முடியாது. அதாவது இந்தப் போட்டி தன் நோக்கத்தில் எவ்வளவு ஜெயிக்கிறதோ, அவ்வளவு தன் நட்சத்திரங்களை இழக்கும். எல் காபி சீனாவுக்குப் போனார், பிறகு துருக்கி, கிரீஸ் என்று சுற்றினார். 2024 மே மாதம் ஏதென்ஸில் ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் இறுதிப்போட்டி. ஃபியோரன்டினாவுக்கு எதிராகக் கூடுதல் நேரம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது ஒலிம்பியாகோஸின் ஒரே கோலைப் போட்டது அவர்தான். கிரீஸ் நாட்டு கிளப் ஒன்று வென்ற முதல் ஐரோப்பியக் கோப்பை அது.

அவர் போன இடம் காலியாகவே இல்லை. 2020-க்கான சான் கொரோனாவால் தள்ளிப்போய் 2021-ல் கேமரூனில் நடந்தபோது, ராஜா கசபிளாங்கா கிளப்பின் சூஃபியான் ரஹிமி 5 கோல் போட்டார். மொராக்கோவுக்கு மறுபடியும் கோப்பை. ரஹிமி அதே வருஷம் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் கிளப்புக்குப் போய்விட்டார். பாரிஸ் ஒலிம்பிக்கில் 8 கோலோடு முதலிடம் பிடித்தவர் அவரேதான்.

ஒரு ஸ்ட்ரைக்கர் போனால் அடுத்தவர் எப்படி வருகிறார்? ஒருவரை நம்பி இல்லாமல் முழு லீக்கையும் வளர்த்துவைத்திருப்பதால்தான். விதாத், ராஜா, பெர்கானே போன்ற கிளப்புகள் ஆப்பிரிக்க அளவில் கோப்பைகள் ஜெயிக்கின்றன. சலே நகரை ஒட்டிய ஆறாம் முகமது அகாடமியிலிருந்து இளைஞர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

மூன்றாவது முறை தொடர்ந்து ஜெயித்திருப்பார்களோ என்னவோ, 2023-ல் மொராக்கோ விமானமே ஏறவில்லை. போட்டி நடந்தது அல்ஜீரியாவில். இரண்டு நாடுகளுக்கும் உறவு முறிந்து, மொராக்கோ விமானங்களுக்கு அல்ஜீரியா தன் வான்வெளியை மூடி வைத்திருந்தது. ரபாத்திலிருந்து கான்ஸ்டன்டைனுக்கு எங்கள் நாட்டு விமானத்தில் நேராக வர அனுமதி வேண்டும் என்றது மொராக்கோ. கிடைக்கவில்லை. நடப்பு சாம்பியன் வராமலேயே போட்டி நடந்தது. இறுதிப்போட்டியில் செனகல் அல்ஜீரியாவைப் பெனால்டியில் வென்றது. தப்பு யார் மேல் என்று அரசியல் பேசலாம். நஷ்டம் என்னவோ அந்த ஆட்டக்காரர்களுக்குத்தான். அவர்களில் சிலருக்கு இது ஒரே வாய்ப்பாக இருந்திருக்கும்.

[திரையில்: கென்யா, தான்சானியா, உகாண்டா வரைபடம்]

சரி, 2025 ஆகஸ்டுக்கு வருவோம். கென்யா, தான்சானியா, உகாண்டா மூன்றும் சேர்ந்து நடத்தின. 19 அணிகள். 2018-ல் வாய்ப்பை இழந்த கென்யா, குரூப் சுற்றில் பத்து பேரோடு ஆடி மொராக்கோவை 1-0 என்று சாய்த்தது. நைரோபி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். காலிறுதியில் மடகாஸ்கரிடம் பெனால்டியில் தோற்றது மட்டும் இல்லாதிருந்தால்!

என்னைக் கேட்டால் அந்தப் போட்டியின் அணி சூடான்தான். 2023 ஏப்ரலிலிருந்து அங்கே உள்நாட்டுப் போர். சொந்த நாட்டு லீக்கில் ஆட வேண்டும் என்பது விதி. நாட்டில் லீக் நடத்தவே முடியாவிட்டால்? சூடானின் பெரிய கிளப்புகளான அல் ஹிலாலும் அல் மெரிக்கும் 2024-25 சீசனில் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற மௌரித்தானியாவின் லீக்கில் போய் ஆடின. கிளப் சூடானுடையது, மைதானம் மௌரித்தானியாவினுடையது. இப்படிப் பிழைத்துக் கிடந்த ஆட்டக்காரர்களை வைத்து, கானாவைச் சேர்ந்த பயிற்சியாளர் க்வெசி அப்பியா சான்சிபாரில் நைஜீரியாவை 4-0 என்று அடித்தார். காலிறுதியில் அல்ஜீரியாவையும் பெனால்டியில் வெளியேற்றினார்கள். அரையிறுதியில் மடகாஸ்கரிடம் கூடுதல் நேரத்தில் ஒரே ஒரு கோலில் கதை முடிந்தது.

இறுதிப்போட்டி நைரோபியின் கசரானி மைதானத்தில், மடகாஸ்கருக்கும் மொராக்கோவுக்கும். மடகாஸ்கருக்கு இதுதான் முதல் இறுதி. ஒன்பதாவது நிமிடமே முன்னிலை பெற்றார்கள். மொராக்கோ இரண்டு போட்டது. மடகாஸ்கர் மீண்டும் சமன் செய்தது, 2-2. எண்பதாவது நிமிடம், பெர்கானே கிளப்பின் உசாமா லம்லியூயி பந்தை வாங்கி, கோல்கீப்பர் முன்னே வந்து நிற்பதைப் பார்த்து, தூரத்திலிருந்தே தூக்கி அடித்தார். 3-2. மொராக்கோவுக்கு மூன்றாவது சான்.

6 கோலோடு அந்தத் தொடரில் அதிக கோல் போட்டவரும் லம்லியூயிதான். அந்தக் கடைசி கோலை மட்டும் தேடிப் பார்த்துவிடுங்கள். பார்த்துவிட்டு, கோல்கீப்பர் மேல் தப்பு இருக்கிறதா இல்லையா என்று கீழே எழுதுங்கள். இருக்கிறது என்பது என் கட்சி.