மழைக்காலத்தில் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகலாமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். ஈரோட்டிலிருந்து நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவரும் நண்பர்கள் சிலரும் உத்தராகண்ட் மாநிலத்துப் பூக்களின் பள்ளத்தாக்குக்கும், அதற்கு அருகில் ஏரிக்கரையிலுள்ள சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாஹிபுக்கும் நடைப்பயணம் போக இருக்கிறார்கள். அறுபது வயதைக் கடந்த தாயாரும் உடன் வர ஆசைப்படுகிறார். மழைக்காலத்தில் இமயமலைக்குப் போவதா என்று வீட்டில் தடுக்கிறார்களாம். போகலாமா, வெள்ளியங்கிரி ஏறிய பழக்கம் போதுமா, தாயாரை அழைத்துச் செல்லலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

போகலாம். ஆனால் திரும்புவதற்கான ரயிலையோ விமானத்தையோ, மலையிலிருந்து இறங்கும் நாளுக்கு மறுநாளே பதிவு செய்திருந்தால் போக வேண்டாம். குறைந்தது இரண்டு நாட்களை எந்த வேலையும் வைக்காமல் காலியாக விட்டுவிட்டு, அதன்பிறகு பயணச்சீட்டு எடுங்கள். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை விளக்கிவிடுகிறேன்.

இந்தப் பயணத்தில் நடக்கும் பாதையைவிட, அங்கே போய்ச் சேரும் சாலைதான் மழைக்காலத்தில் அதிக ஆபத்தானது. ரிஷிகேஷிலிருந்து தேவபிரயாகை, ருத்ரபிரயாகை, சமோலி வழியாக ஜோஷிமட் போகும் சாலை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். சாலை போடுவதற்காகச் சரிவின் அடிப்பகுதியை வெட்டியிருக்கிறார்கள். இமயமலையோ இளம் மலை, அதன் பாறை நொறுங்கி விரிசல் விட்டது. அந்த விரிசல்களுக்குள் மழைநீர் இறங்கி மண் ஊறியதும், அடியில் தாங்குதல் இல்லாத சரிவு அப்படியே வழுக்கி இறங்கிவிடுகிறது. ஸ்ரீநகருக்கும் (காஷ்மீரிலுள்ளது அல்ல, உத்தராகண்டிலுள்ள ஊர்) ருத்ரபிரயாகைக்கும் இடையிலுள்ள சிரோபகட் போன்ற இடங்களில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் சாலை அடைபடுவது அந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்கு வாடிக்கை. ஜேசிபி இயந்திரம் வந்து மண்ணை அள்ளி வழி ஏற்படுத்த ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு முழு நாளும் ஆகலாம். ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் இருப்பவர்கள்தான் கல் உருண்டுகொண்டிருக்கும்போதே நடந்து கடக்கிறார்கள், இரவில் வண்டியை எடுக்கச் சொல்லி ஓட்டுநரை நெருக்குகிறார்கள். கையில் இரண்டு நாள் இருந்தால் அந்த அவசரமே வராது.

ஆகவே ரிஷிகேஷிலிருந்து விடியும் முன்பே கிளம்பி, இருட்டுவதற்குள் ஜோஷிமட் சேர்ந்துவிடுங்கள். மழை நின்று வெயில் அடித்துவிட்டது என்பதற்காகச் சரிவின் கீழே வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். ஊறிய மண் காயும்போதும் கற்கள் பிடி விட்டு விழும். வானிலை ஆய்வுத் துறை சமோலி மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் இருந்த ஊரிலேயே தங்கிவிடுங்கள்.

அப்படியானால் மழையில்லாத மாதத்தில் போகலாமே என்று கேட்பீர்கள். பள்ளத்தாக்கு ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கிறது. ஜூன் மாதத்தில் பல இடங்களில் பனியே உருகியிருக்காது. செப்டம்பர் பாதியைத் தாண்டினால் செடிகள் விதைக்கு வந்து பழுப்பேறிவிடும். ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரைதான் பூக்கள் நிறைந்திருக்கும் காலம். மழை வேண்டாம், பூ மட்டும் வேண்டும் என்றால் அங்கே வழியில்லை. நீல பாப்பி என்ற அந்தப் பூவைச் சாரலில் கிட்டப் போய்ப் பாருங்கள்: காகிதத்தைவிட மெல்லிய இதழ்கள், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து, தண்டு முழுவதும் முள். அந்த இதழ் மழையைத் தாங்கி நிற்பதைப் பார்ப்பதற்காகவே நனையலாம் என்பேன்.

நடக்கும் பாதைக்கு வருவோம். ஜோஷிமட்டைத் தாண்டியுள்ள கோவிந்த்காட்டிலிருந்து புல்னா கிராமம் வரை ஜீப் போகும். அங்கிருந்து, இரு இடங்களுக்கும் போக நாம் தங்கும் ஊரான காங்கரியா ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஏற்றம், பெரும்பாலும் கல் பாவிய பாதை. 2013 ஜூன் வெள்ளத்தில் லட்சுமண கங்கை ஆறு இந்த வழியிலுள்ள பியூந்தார் கிராமத்தையும் பழைய பாதையையும் சிதைத்துவிட்டுப் போனது. அதன்பிறகே பாதையின் ஒரு பகுதி எதிர்க்கரைக்கு மாற்றப்பட்டது. ஓய்வெடுக்க வேண்டுமென்றால் மேட்டிலுள்ள கடைகளில் உட்காருங்கள், ஆற்றங்கரைப் பாறைகளுக்கு இறங்க வேண்டாம். கோவேறு கழுதைகளின் சாணம் மழையோடு கலந்து கல்லின் மேல் மெழுகியதுபோல் படிந்திருக்கும். வழுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் விழுகிறார்கள், அதுவும் இறங்கும்போது. ஊன்றுகோல் கட்டாயம் வேண்டும். கழுதைகள் எதிரே வந்தால் எப்போதும் மலைச்சுவரின் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்தின் பக்கம் நிற்காதீர்கள்.

உடை விஷயத்தில் ஒன்றுதான் முக்கியம். காங்கரியாவில் நனைந்த துணி காயாது. பைக்கு மேலே போடும் மழையுறையை நம்பாமல், பைக்கு உள்ளே தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் துணிகளை வையுங்கள். ஒரு முழு உடுப்பைத் தூங்குவதற்கென்றே ஒதுக்கி, காலையில் மறுபடியும் ஈரத் துணியையே மாட்டிக்கொண்டு நடங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் இரவில் உலர்ந்த துணி இல்லாமல் போனால் உடல் வெப்பம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

வெள்ளியங்கிரி ஏறியது கால்களுக்கு நல்ல பயிற்சி. ஆனால் ஏழாவது மலைகூட 2,000 மீட்டரைத் தொடுவதில்லை. காங்கரியாவே 3,000 மீட்டருக்கு மேல், ஹேம்குண்ட் 4,300 மீட்டர் அளவில் இருக்கிறது. காங்கரியாவிலிருந்து ஹேம்குண்டுக்கு 6 கிலோமீட்டரில் 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கால் தாங்கினாலும் குறைந்த பிராணவாயுவுக்கு உடல் பழக நேரம் தேவை. அதனால் முதலில் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டு, மறுநாள் ஹேம்குண்ட் ஏறுங்கள். மழையில் நனைந்தவர்கள் தலைவலி வந்தால் ஜலதோஷம் என்று எண்ணி மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறுகிறார்கள். தலைவலியோடு குமட்டலும் இருந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினால் அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே கீழே இறங்குங்கள். உயரத்துக்கு உடல் பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஹேம்குண்டில் இரவு தங்க அனுமதி கிடையாது. காலையிலேயே ஏறி, குருத்வாராவில் கொடுக்கும் கிச்சடியையும் சூடான தேநீரையும் சாப்பிட்டுவிட்டு, பிற்பகல் மேகம் இறங்கும் முன் திரும்பிவிடுங்கள். அந்த ஏரிக்கரைச் சரிவுகளில் பிரம்ம கமலம் பூத்திருக்கும், பறிக்காதீர்கள்.

கடைசியாகத் தாயார். முழங்கால், இதயம், இரத்த அழுத்தம் மூன்றையும் மருத்துவர் பார்த்துச் சரி என்றால் காங்கரியா வரை தாராளமாக அழைத்துச் செல்லலாம். கோவேறு கழுதையில் வரலாம், அல்லது முதுகில் கூடையில் வைத்துச் சுமக்கும் கண்டிக்காரர்களை அமர்த்தலாம். ஹெலிகாப்டரை நம்பித் திட்டம் போடாதீர்கள், மேகம் கவிந்தால் அது பறக்காது. பள்ளத்தாக்குக்குள் கழுதைகளுக்கு அனுமதி இல்லை, கண்டிக்காரர்கள் வரலாம். ஹேம்குண்ட் ஏற்றத்தை அன்று காலை அவர் எழுந்து, பசித்துச் சாப்பிட்டு, தெளிவாகப் பேசுவதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அவர் வேண்டாம் என்றால் உங்களில் ஒருவர் அவருடன் காங்கரியாவில் தங்க வேண்டும். அது யார் என்பதை ஈரோட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.