விருந்து தினமும், மருந்து மூன்று நாளும்

(குன்னூரில் நடந்த இதய நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஊர்க்கவுடர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, மேடைக்கு அழைத்தும் வராமல் கீழே முதல் வரிசையில் அமர்ந்துவிட்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இந்த மழையிலும் கொலக்கம்பையிலிருந்தும் அருவங்காட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தோட்டத்துத் தாய்மார்களே, கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்திருக்கும் டீக்கடை, பேக்கரி உரிமையாளர்களே, அனைவருக்கும் வணக்கம். சால்வை போர்த்திய நகர்மன்ற உறுப்பினருக்குத் தனி நன்றி. கீழ்நாட்டுக் கூட்டங்களில் சால்வை மரியாதை. குன்னூரில் அது உண்மையிலேயே உதவி.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்றார்கள் நம் பெரியவர்கள். நாம் அதில் பாதியைத்தான் பிடித்துக்கொண்டோம். விருந்தைத் தினமும் சாப்பிடுகிறோம். மருந்தை மட்டும் சரியாக மூன்றாம் நாள் நிறுத்திவிடுகிறோம். இதய நோய்க்கு வாசல் திறந்துவிட இது போதும்.

இன்று ஐந்து விஷயம் பேச வேண்டும்: சர்க்கரை, உப்பு, எண்ணெய், நடை, தூக்கம். முதலில் சர்க்கரை, ஏனென்றால் நான் வந்த காரியமே அதுதான்.

இதே குன்னூர் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டில், 1918-இல், ஒரே ஓர் அறையில் ஓர் உணவு ஆராய்ச்சி தொடங்கியது. தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நம் ஊர்ப் பிள்ளை, வெளியூரில் பெரிய ஆளாகிவிட்டது. மெக்காரிசன் இங்கே என்ன செய்தார்? எலி வளர்த்தார். ஒரு கூட்டத்துக்குப் பஞ்சாப் சீக்கியர் சாப்பாடு: முழுக்கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், பருப்பு, பச்சைக் காய்கறி, வாரம் ஒரு நாள் கறி. இன்னொரு கூட்டத்துக்கு இங்கிலாந்து ஏழை வீட்டுச் சாப்பாடு: வெள்ளை ரொட்டி, மார்ஜரின், வேகவைத்த முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, டின் இறைச்சி, ஜாம். குடிக்க? சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ! (சிரிப்பு) முதல் கூட்டம் கொழுகொழுவென்று வளர்ந்து ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்தியது. இரண்டாவது கூட்டம் வளரவில்லை, தீனி வைக்கப் போனவர் கையைக் கடித்தது, இரண்டு மாதம் ஆனபோது பலமுள்ள எலி பலமில்லாத எலியைக் கொன்று தின்றது. மைதா, கொழுப்பு, சர்க்கரை டீ. சாயங்காலம் நாலு மணிக்கு பெட்ஃபோர்டு சர்க்கிளில் நின்று பாருங்கள், அதே தட்டு. நம் மைதா பிஸ்கட் வர்க்கியும் டீயும்! (கைதட்டல்) யார் யாரைக் கடிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை.

நேர்மையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அது சத்துக்குறைவு பற்றிய ஆராய்ச்சி, மாரடைப்பு ஆராய்ச்சி அல்ல. சர்க்கரை இதயத்தைத் தொடும் வழி வேறு. மிஞ்சின சர்க்கரையைக் கல்லீரல் டிரைகிளிசரைடு கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, நீரிழிவு வருகிறது. வீட்டில் டேப் இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் எடை மெஷின் என்ன சொன்னாலும் கவனம் தேவை.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிளாஸில் இரண்டு ஸ்பூன், அதாவது 8 கிராம். குளிருக்கு ஐந்து டீ என்றால் 40 கிராம். வருஷத்துக்குப் பதினாலரைக் கிலோ, டீயில் மட்டும்! உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. ஆனால் கடையில் சர்க்கரையைத் தீர்மானிப்பது நீங்களா? மாஸ்டர் கை. கிளாஸில் முதலில் விழுவதே சர்க்கரைதான், அதன் மேல்தான் டிகாக்‌ஷன். "சர்க்கரை கம்மி" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஆற்றி முடித்துவிடுகிறார். அதனால்தான் கேட்கிறேன்: குன்னூர், கோத்தகிரி டீக்கடைகளில் சர்க்கரை தனியாக வரட்டும். வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். கடைக்காரருக்கும் சர்க்கரைச் செலவு மிச்சம். கிளாஸும் ஸ்பூனும் கூடுதலாகக் கழுவ வேண்டியிருக்கும் என்ற குறை நியாயமானது. அளந்த சிறு பொட்டலமாகக் கொடுத்தால் அதுவும் தீரும். வர்க்கி விருந்து, விருந்தாளி வந்த அன்றைக்கு. விருந்தும் மருந்தும் மூன்று நாள்!

உப்பு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பிரிக்கும் நாளில் பாக்கெட் மேல் தேதி எழுதுங்கள், 30 நாளில் தீர்ந்தால் விடை கிடைத்துவிட்டது. கருவாடு, ஊறுகாய், கடைத் தீனி இந்தக் கணக்குக்கு வெளியே வருபவை. இன்னொன்று, மலைக்கே உரிய தப்பு. இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அவரையும் மொச்சையும் திறந்த பாத்திரத்தில் வேகாது. உடனே சோடா உப்பு. அரை டீஸ்பூன் சோடா உப்பில் இருக்கும் சோடியம், ஒன்றரை கிராம் சாப்பாட்டு உப்புக்குச் சமம். நாக்குக்குக் கரிக்காததால் தெரிவதில்லை. இரவே ஊறவைத்து குக்கரில் வையுங்கள்.

எண்ணெய்க்கு மார்கழிக் காலையே பரிசோதனைக் கூடம். பாமாயில் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து நிற்கும், கடலை எண்ணெய் கலங்கினாலும் ஊற்றினால் ஓடும். உறைவது பூரிதக் கொழுப்பு, ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அதற்காக வனஸ்பதி நல்லதாகிவிடவில்லை, பூரிதக் கொழுப்பு அப்படியே இருக்கிறது. எந்த எண்ணெயானாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டர்.

நடையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாரம் 150 நிமிடம்; நடக்கும் வேகத்தில் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உறைபனி மாதங்களில் இதய நோயாளிகள் வெயில் வந்தபின் போங்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும்.

இப்போது பழமொழியின் மற்றொரு பாதி. ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் இருப்பவருக்கு மாத்திரை கொடுக்கிறோம். மூன்று நாளில் தலைபாரம் போனதும், "சரியாயிடுச்சுங்க" என்று நிறுத்திவிடுகிறார். அது காய்ச்சல் இல்லை, தாயே! மாத்திரை இருப்பதால்தான் அளவு இறங்கியிருக்கிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது, மலைக்காரர்களுக்கு இதைவிட வசதி என்ன? அழுத்தம் பார்க்கப் போகும்போது அரை மணி நேரம் முன்பே டீ, பீடி வேண்டாம். மேடு ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். நெஞ்சில் கல் வைத்த மாதிரி அழுத்தி வேர்த்தால், வாயு என்று இஞ்சி இடிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டி நேராக மேட்டுப்பாளையம் இறங்காதீர்கள். 2023-இலிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் மாத்திரைகள் அந்தச் சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்.

தூக்கத்தைப் பற்றி இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன்; கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பின்னால் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. சர்க்கரையைத் தனியாகத் தரச் சம்மதிக்கும் கடைக்காரர்கள் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். பக்கத்திலேயே டீ. இன்றைக்கு அதில் சர்க்கரை போடவில்லை, கிண்ணம் தனியாக இருக்கிறது, ஸ்பூன் சின்னது. மாஸ்டர், பாய்லர் சூடாகிவிட்டதா?