பழைய மார்க்கரும் கை அரமும்

நேயர்களுக்கு வணக்கம்.

பெயின்ட்பால் விளையாட்டில் பயன்படும் பழைய மார்க்கர் ஒன்றை வீட்டுப் பட்டறையில், கைக்கருவிகளைக் கொண்டே நமக்கு ஏற்றபடி திருத்தி அமைப்பது பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஜெலட்டின் உறைக்குள் வண்ணக் கரைசல் அடைத்த உருண்டையை, அழுத்தத்தில் இருக்கும் வாயுவைக் கொண்டு வெளியே தள்ளும் கருவியே மார்க்கர். உருண்டையின் விட்டம் 0.68 அங்குலம், அதாவது 17 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். எடை ஏறத்தாழ 3 கிராம். இப்போது வரும் மார்க்கர்கள் பலவற்றில் மின்கலமும் மின்னணுப் பலகையும் இருக்கின்றன. நான் பேசப்போவது அவற்றுக்கு முந்தையவற்றைப் பற்றி. ஸ்பிரிங், வால்வு, சில நெம்புகோல்கள் என்று முழுவதும் இயந்திர முறையில் இயங்கும் அந்த மார்க்கர்களைக் கடைசித் திருகு வரை பிரித்து, ஒவ்வொரு உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று கண்ணால் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம். கையால் வேலை செய்ய விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமைவது அரிது.

இந்த விளையாட்டின் கருவிகள் வளர்ந்ததே இப்படிப்பட்ட பட்டறை வேலையால்தான். 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஹென்னிக்கர் என்ற ஊரில் 12 பேர் காட்டுக்குள் ஆடியதுதான் முதல் ஆட்டம். அவர்கள் கையில் இருந்த நெல்ஸ்பாட் 007 விளையாட்டுக்காகச் செய்யப்பட்டது அன்று. வெட்ட வேண்டிய மரங்களுக்கும் பிரிக்க வேண்டிய கால்நடைகளுக்கும் தொலைவிலிருந்து அடையாளமிட, நெல்சன் பெயின்ட் நிறுவனத்துக்காக டெய்சி நிறுவனம் செய்து கொடுத்த கருவி அது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும், உருண்டையைச் சுடும் இடத்துக்குத் தள்ளும் போல்ட் என்ற உறுப்பைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். ஆட்டம் பரவியதும் ஆடுகிறவர்களே அதற்கு முன்னும் பின்னும் இழுக்கும் பம்ப் பிடி வைத்தார்கள், சிறு வாயுக் குப்பிக்குப் பதிலாகப் பெரிய சிலிண்டரை இணைத்தார்கள். பின்னாளில் புகழ்பெற்ற ஆட்டோகாக்கர் என்ற மார்க்கர்கூட ஸ்னைப்பர் என்னும் பம்ப் மார்க்கரில் தானே இழுத்துத் தள்ளும் வாயு அமைப்பைப் பொருத்தியதிலிருந்து வந்ததுதான். ஆகவே ஒரு பழைய மார்க்கரில் அரம் வைப்பதை அதன் மீதான அத்துமீறலாக நான் கருதவில்லை.

ஆனால் அரத்தை எடுப்பதற்கு முன், வாயு எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய மார்க்கர்களில் மிகப் பரவலான அமைப்பை எடுத்துக்கொள்வோம். மேலும் கீழுமாக இரண்டு குழாய்கள். மேல் குழாயில் போல்ட், கீழ்க் குழாயில் ஹாமர், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு பின். ஹாமரை ஸ்பிரிங்குக்கு எதிராகப் பின்னால் இழுத்தால் சியர் என்ற சிறு கொக்கி அதைப் பிடித்து நிறுத்துகிறது. ட்ரிகரை இழுக்கும்போது சியர் விலக, ஹாமர் முன்னால் பாய்ந்து வால்வின் தண்டை அடிக்கிறது. வால்வு கண நேரம் திறக்க, வாயுவின் ஒரு பகுதி போல்ட் வழியாகச் சென்று உருண்டையைத் தள்ளுகிறது. இன்னொரு பகுதி ஹாமரைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி சியரில் மாட்டுகிறது. இந்தச் சுற்றை மனத்தில் ஓட்டிப் பார்க்கத் தெரிந்துவிட்டால், எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

வைக்கக் கூடாத இடத்தை முதலில் சொல்கிறேன். கரியமில வாயு அடைத்த சிலிண்டரில், அறை வெப்பமான 21 பாகை செல்சியஸில் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 850 பவுண்டு; வெயில் ஏறினால் அழுத்தமும் ஏறும். இந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் சிலிண்டர், அதைப் பிடிக்கும் மரை, குழல், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், வால்வின் உடல் ஆகியவற்றில் அரமோ துளைப்பானோ உப்புத்தாளோ படவே கூடாது. அழகுக்காகச் சற்றே மெலியச் செய்வதற்குக்கூட அங்கே இடமில்லை. பழுதானால் புதிது வாங்கி மாட்ட வேண்டும், அவ்வளவுதான். பிரிக்கும் முன் சிலிண்டரைக் கழற்றி, உருண்டை வெளியேறும் குழாயான பேரலில் உறை மாட்டி, மார்க்கரைப் பாதுகாப்பான பக்கம் நீட்டி, உள்ளே தங்கியிருக்கும் வாயு தீரும்வரை சுட்டுவிட வேண்டும். கண்ணாடியும் முகக்கவசமும் அதற்கு முன்பே முகத்தில் இருக்க வேண்டும்.

பிரிக்கும்போது திருகுகளைக் கவனியுங்கள். அமெரிக்காவில் செய்த பழைய மார்க்கர்களில் அவை பெரும்பாலும் அங்குல அளவில் இருக்கும். கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று மில்லிமீட்டர் ஆலன் கீயை நுழைத்துத் திருப்பினால் திருகின் தலை வழுவழுவென்று தேய்ந்து, பிறகு எதற்கும் அசையாது.

இனி, நம் கைக்கு உரிய இடங்கள். பழைய மார்க்கரின் பெரிய குறை உராய்வு. ஹாமர் ஓடும் குழாயில் காய்ந்த எண்ணெயும் மண்ணும் படிந்திருக்கும். ஹாமரின் விளிம்பில் அடிபட்டு எழுந்த பிசிறு, குழாயின் உட்சுவரைக் கீறிக்கொண்டே இருக்கும். அந்தப் பிசிறை மட்டும் நுண்ணிய அரத்தால் எடுத்துவிட்டு, 600, பிறகு 1000 எண் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, ஹாமரின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். இங்கே பளபளப்பு இரண்டாம் பட்சம். விட்டம் குறையக் கூடாது என்பதே முதன்மை. விட்டம் குறைந்தால் ஹாமர் குழாய்க்குள் ஆட, வாயு பக்கவாட்டில் கசிந்து, ஹாமரைத் திருப்பித் தள்ளும் வலு குறைந்துவிடும். வாயு கசியாமல் அடைக்கும் வளையங்களான ஓ-ரிங்குகளைப் பழையதே போதும் என்று விடாமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. நைட்ரைல் ரப்பரில் செய்த சில ஓ-ரிங்குகள் கரியமில வாயுவை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். ஆகையால் வாயுவோடு நேரே தொடர்புள்ள இடங்களில் யூரித்தேன் வகையையே நான் விரும்புவேன்.

ட்ரிகருக்கு வருகிறேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், மிகுந்த பொறுமை கேட்பதும் இதுதான். பழைய ட்ரிகர்கள் நீளமாக, கரகரப்பாக நகரும். அந்தக் கரகரப்பு பெரும்பாலும் சியரும் ட்ரிகரும் உரசும் முகத்தில் இருக்கும். முகத்தில் பேனா மையைத் தடவிச் சிலமுறை இழுத்துப் பார்த்தால், மை அழிந்த இடம் எது என்று தெரியும். உரசுவது அந்த இடம் மட்டும்தான். அங்கே நுண்ணிய சாணைக்கல்லைத் தட்டையாக வைத்து, கோணம் மாறாமல் மெல்ல இழுக்க வேண்டும். உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் முனை உருண்டுபோகும். ஹாமரைப் பிடிக்கும் சியரின் விளிம்பில் அது நடந்துவிட்டால், விரலை எடுத்த பிறகும் மார்க்கர் தானே சுட்டுக்கொண்டு போகும். ஆட்டக்களத்தில் அது ஆபத்து. ஆகவே சியரின் பிடி விளிம்பைத் தொடாமல், உரசும் முகத்தோடு நிறுத்திக்கொள்வதே என் வழக்கம்.

சியர் விடுபட்ட பிறகும் ட்ரிகர் வீணாக நகரும் தூரத்தைக் குறைக்க, அதன் பின்புறம் ஒரு நிறுத்துத் திருகு வைக்கலாம். 3 மில்லிமீட்டர் மரைக்கு 2.5 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். அலுமினியத்தில் மரை வெட்டும் டேப்பை ஒரேயடியாகத் திருப்பாமல், அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று திருப்பி, இடையிடையே மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சுருள் முறிந்து வெளியே வரும், மரையும் சுத்தமாக விழும். ட்ரிகரை முழுவதும் இழுத்தால் சியர் நிச்சயமாக விடுபடும் அளவுக்குச் சிறிது தூரம் மிச்சம் வைத்துத்தான் திருகை நிறுத்த வேண்டும்.

பேரலின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. நுனியருகே இருக்கும் சிறு துளைகளின் உள்விளிம்பில் பிசிறு இருந்தால், அது உருண்டையின் மெல்லிய உறையைக் கிழித்துவிடும். ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள்; பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை மாட்டிக்கொண்டு நிற்கும். மரக்குச்சியின் முனையைப் பிளந்து, துணி செருகி, உலோகம் துலக்கும் பசை தடவி, அந்த இடத்தைப் பொறுமையாகத் துலக்கினால் போதும். உருண்டைக்கும் பேரலுக்கும் பொருத்தம் பார்ப்பதும் எளிது. மார்க்கரிலிருந்து கழற்றிய பேரலில் உருண்டையை இட்டால் அது தானே உருண்டு விழக் கூடாது. வாயால் ஊதினால் வெளியேற வேண்டும்.

வெளித் தோற்றத்தில் பலரும் முதலில் செய்ய நினைப்பது, அலுமினியத்தின் மேல் மின்வேதி முறையில் ஏற்றிய பழைய அனோடைசிங் நிறத்தைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து எடுப்பது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நிறம் போன பிறகு கரைசல் அலுமினியத்தையே அரிக்கத் தொடங்கும். மரைகளும் குழாயின் உட்சுவரும் அளவு மாறிவிடும். எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனும் வெளியேறும். உப்புத்தாளால் தேய்த்து எடுப்பது நெடுநேரம் பிடித்தாலும், எந்த இடத்தில் எவ்வளவு என்பது நம் கையில் இருக்கும். 220, 400, 600, 1000 என்று ஏறுமுகமாக, ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை மாற்றித் தேய்த்தால், முந்தைய கீறல் மறைந்துவிட்டதா என்பது உடனே தெரியும். விளிம்புகளை அரத்தால் சரிவாக்கும்போது அலுமினியத் துகள் பல்லில் அடைத்துக்கொள்ளும்; அரத்தில் முன்கூட்டியே சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அது ஒட்டாது. பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடைகளுக்கு மரத்துண்டோ தோலோ வைக்காமல் மார்க்கரை இறுக்காதீர்கள். குழாய் ஒருமுறை நசுங்கினால் ஹாமர் அங்கே சிக்கும்.

கைப்பிடிப் பட்டைகளைக் கெட்டியான மரத்தில், அட்டை மாதிரி வெட்டி வைத்துக்கொண்டு செய்யலாம். உங்கள் உள்ளங்கை அளவுக்கு அதை வடிவமைக்க உங்களைத் தவிர வேறு யாராலும் முடியாது. ஆனால் நிறத்திலும் வடிவத்திலும் மார்க்கரை உண்மைத் துப்பாக்கி போலத் தோன்றச் செய்ய வேண்டாம் என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன்; தொலைவிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு வேறுபாடு தெரியாது.

எல்லாம் பூட்டிய பிறகு, வாயுவை ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பாருங்கள். பிறகு வேகமானியில் சோதிக்க வேண்டும். ஆட்டக்களங்களில் பொதுவாக ஏற்கப்படும் உச்ச வரம்பு நொடிக்கு 300 அடி. பல இடங்களில் அதற்கும் குறைவு. உராய்வு குறைந்த மார்க்கர், அதே ஸ்பிரிங் இறுக்கத்திலும் முன்பைவிட வேகமாகச் சுடக்கூடும் என்பதால், பட்டறையிலிருந்து நேரே களத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. தொடர்ந்து சுட்டால் சிலிண்டர் குளிர்ந்து வேகம் இறங்கும். குளிர்ந்த காலையில் சரிபார்த்த வேகம் நண்பகலில் வரம்பைத் தாண்டலாம். ஆகவே இடைவெளி விட்டு, வெப்பமான வேளையிலும் சோதியுங்கள். ஹாமர் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றும் திருகை முழுவதும் தளர்த்தியும் வேகம் இறங்கவில்லை என்றால் ஸ்பிரிங்கை வெட்டிக் குறைக்க வேண்டாம். வெட்டிய முனை சரிந்து உட்கார்ந்து ஹாமரை ஒரு பக்கமாகத் தள்ளும். அதே நீளத்தில் மென்மையான ஸ்பிரிங் ஒன்றை மாட்டி, மீண்டும் வேகமானியின் முன் நின்று பாருங்கள்.

நன்றி, வணக்கம்.