ஒரு வருடம் என்பது 6 சதவீதம்: ஆப்பிரிக்காவின் குழந்தைகள் சாசனம் வேலை செய்யும் விதம்

[திரை: கறுப்புப் பின்னணி. வெள்ளைக் கோட்டில் 18 சிறு கட்டங்கள், ஒரே வரிசையில்.]

குரல்: இந்த வரிசையில் 18 கட்டங்கள் இருக்கின்றன. கட்டத்துக்கு ஒரு வருடம். ஒரு குழந்தை குழந்தையாக இருக்கும் காலம் மொத்தமும் இவ்வளவுதான். இதில் ஒன்றை அழித்தால் ஏறக்குறைய 6 சதவீதம் போய்விடும்.

இந்தக் கணக்கை நாங்கள் போடவில்லை. கென்ய அரசுக்கு எதிராக வந்த ஒரு மனுவில், 2011ல், ஆப்பிரிக்க நாடுகளின் குழந்தைகள் சாசனம் மீறப்பட்டதா என்று பார்க்கும் ஆப்பிரிக்கக் குழந்தைகள் உரிமைகள் மற்றும் நலனுக்கான வல்லுநர் குழு எழுதியது. அந்தக் குழு எதற்காக இருக்கிறது, அதனிடம் யார் போகலாம், போனால் என்ன கிடைக்கும், எங்கே தடுக்கி நிற்கும் என்பதையெல்லாம் இந்தக் கட்டங்களை வைத்தே பார்ப்போம்.

[திரை: ஆப்பிரிக்க வரைபடம். அடிஸ் அபாபாவில் ஒரு புள்ளி.]

குரல்: ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை 1989 நவம்பரில் வந்தது. எட்டே மாதத்தில், 1990 ஜூலை 11 அன்று, அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்கென்று தனியாக ஒரு சாசனத்தை ஏற்றன. ஆனால் 15 நாடுகள் அதை முறைப்படி உறுதி செய்தால்தான் அமலுக்கு வரும் என்பது விதி. அந்த 15 சேர்ந்து, சாசனம் அமலுக்கு வந்தது 1999 நவம்பர் 29 அன்று.

[திரை: ஒன்பது கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன.]

குரல்: சாசனம் ஏற்கப்பட்ட நாளில் பிறந்த குழந்தைக்கு அப்போது ஒன்பது வயது முடிந்திருந்தது. இன்று 50 நாடுகளாவது இதில் இணைந்திருக்கின்றன.

ஐ.நா. உடன்படிக்கை இருக்கும்போது இன்னொன்று எதற்கு? மூன்று ஷரத்துகளைப் பாருங்கள். ஐ.நா. உடன்படிக்கை 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைக் குழந்தை என்று சொல்லிவிட்டு, உள்நாட்டுச் சட்டப்படி அதற்கு முன்பே மேஜர் ஆகிவிட்டால் பொருந்தாது என்று ஒரு வழியைத் திறந்து வைக்கிறது. ஆப்பிரிக்கச் சாசனத்தின் 2ஆம் ஷரத்தில் அந்த வழியே கிடையாது. ஐ.நா. உடன்படிக்கை போர்க்களத்தில் தடுப்பது 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களை. இங்கே 22ஆம் ஷரத்து 18 வரை தடுக்கிறது. 21ஆம் ஷரத்து குழந்தைத் திருமணத்தை நேரடியாகவே பெயர் சொல்லித் தடை செய்கிறது. 18தான் குறைந்தபட்ச வயது, எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது. இந்தப் பதிவு விஷயத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பதிவில்லாத திருமணத்தில் மணப்பெண்ணின் வயதை யார் எங்கே சரிபார்ப்பது?

காகிதத்தில் இருப்பது உள்ளூர் நீதிமன்றத்தில் உதவுமா? உதவியிருக்கிறது. ஜிம்பாப்வேயில் இரண்டு இளம்பெண்கள் தொடுத்த வழக்கில், 2016 ஜனவரியில், 18க்கு முன் திருமணம் செல்லாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு 21ஆம் ஷரத்தையும் துணைக்கு எடுத்துக்கொண்டது.

[திரை: “44” என்ற எண் பெரிதாக.]

குரல்: இனி 44ஆம் ஷரத்து. சாசனத்தின் உயிர்நாடி இதுதான் என்பது எங்கள் கருத்து. தனிமனிதர், மக்கள் குழு, அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனம், உறுப்பு நாடு, ஐ.நா., இவர்களில் யாரும் வல்லுநர் குழுவிடம் புகார் தரலாம். குழந்தையோ பெற்றோரோதான் வர வேண்டும் என்றில்லை. குழுவில் 11 பேர். ஒரே நாட்டுக்காரர் இருவர் இருக்கக் கூடாது. தங்கள் அரசின் பிரதிநிதியாக இல்லாமல், சொந்தப் பொறுப்பில்தான் உட்காருகிறார்கள். செயலகம் இப்போது லெசோத்தோவின் தலைநகரமான மசேருவில் இருக்கிறது.

மனு எழுதுகிறவர் கவனிக்க வேண்டியவை இவை. எழுத்தில் இருக்க வேண்டும். பெயரும் முகவரியும் வேண்டும், மொட்டைக் கடிதம் செல்லாது; ஆனால் குழு மனுவை ரகசியமாகவே கையாளும். எந்த நாடு, எந்த ஷரத்து, என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அதே விஷயம் வேறொரு சர்வதேச அமைப்பின் முன்னால் நிலுவையில் இருக்கக் கூடாது. பத்திரிகைச் செய்திகளை மட்டும் நம்பி எழுதக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்நாட்டு நீதிமன்றங்களில் முயன்று பார்த்திருக்க வேண்டும். மனுக்கள் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருப்பது இந்தக் கடைசி நிபந்தனையோடுதான்.

[திரை: நைரோபி, கிபெரா. தகரக் கூரைகள்.]

குரல்: நூபியர்களின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் படையில் சேர்க்கப்பட்டு, நூறு வருடங்களுக்கும் முன்பே சூடானிலிருந்து கென்யாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். பலர் நைரோபியின் குடிசைப் பகுதியான கிபெராவில் வாழ்கிறார்கள். அங்கே பிறக்கும் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே பாடு. அதிகாரிகள் தர மறுத்ததும் உண்டு. கையில் கிடைத்தாலும் அந்தச் சான்றிதழ் குடியுரிமைக்கு அத்தாட்சி ஆகாது. 18 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் ஒருவர் கென்யரா இல்லையா என்று தெரியும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அட்டையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நூபியப் பிள்ளையோ சரிபார்ப்புக் குழு ஒன்றின் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. அங்கே பாட்டன் பாட்டியின் ஆவணங்களைக் கேட்பார்கள். பாட்டன் பிறந்த காலத்தில் யார் சான்றிதழ் கொடுத்தார்கள்?

இதை எதிர்த்து 2003ல் கென்ய உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நடைமுறைச் சிக்கல் ஒன்று மாற்றி ஒன்றாக வந்து, வழக்கு விசாரணைக்கே வரவில்லை.

[திரை: ஆறு கட்டங்கள் அணைகின்றன.]

குரல்: ஆறு வருடம் போனது. 2009ல் இரண்டு மனித உரிமை அமைப்புகள் வல்லுநர் குழுவிடம் வந்தன. உள்நாட்டு வழக்கு இன்னும் முடியவில்லையே, இதை ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. அங்கேதான் குழு அந்த 6 சதவீதக் கணக்கைப் போட்டது. பெரியவர்களுக்குப் பொறுக்கக்கூடிய தாமதம் குழந்தைக்குப் பொறுக்காது என்று சொல்லி மனுவை ஏற்றது.

2011 மார்ச்சில் முடிவு வந்தது. பெயரும் தேசியமும் பெறும் உரிமை, பாகுபாடின்மை, கல்வி, சுகாதாரம் என நான்கிலும் கென்யா சாசனத்தை மீறியதாகக் குழு கண்டது. 6ஆம் ஷரத்தின் நான்காவது பகுதி முக்கியம்: பிறக்கும்போது வேறு எந்த நாடும் குடியுரிமை தராத குழந்தைக்கு, பிறந்த மண்ணின் நாடு அதைத் தர வேண்டும். 18 வயது வரை காத்திருக்கச் சொல்வது அந்த ஷரத்துக்கு எதிரானது. இதோடு குழு இன்னொன்றையும் பார்த்தது. கிபெராவை ஆக்கிரமிப்பு நிலமாகவே அரசு கருதியதால், அங்கே பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் தேவைக்கு மிகக் குறைவாக இருந்தன. குடியுரிமைக் காகிதம் மறுக்கப்பட்ட இடத்தில் வகுப்பறையும் மருந்தும் சேர்ந்தே மறுக்கப்பட்டிருந்தன.

[திரை: உகாண்டா, மலாவி, தான்சானியா ஒளிர்கின்றன.]

குரல்: மற்ற மனுக்களையும் பார்ப்போம். போரில் சிக்கிய வடக்கு உகாண்டாவின் குழந்தைகளுக்காக 2005ல் வந்த மனுதான் குழுவின் முதல் மனு. முடிவு வந்தது 2013ல். எட்டுக் கட்டங்கள். பிறரின் தாமதத்தை அளக்கும் அளவுகோல் குழுவுக்கும் பொருந்தும்தானே? அந்த மனுவில் குழந்தைகளைப் படையில் சேர்த்தது மட்டுமே நிரூபணமானது. மற்ற குற்றச்சாட்டுகளுக்குச் சான்று போதவில்லை. மருத்துவப் பதிவு, பள்ளிப் பதிவேடு, தேதியிட்ட வாக்குமூலம் போன்றவற்றை அப்போதைக்கப்போதே திரட்டி வைக்காவிட்டால் பிறகு எங்கே போய்த் தேடுவது?

மலாவியில் வேறு வழி. அந்நாட்டு அரசியலமைப்பு 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களைத்தான் குழந்தை என்றது. 16ம் 17ம் வயதுப் பிள்ளைகள் குழந்தைக்குரிய பாதுகாப்பு இல்லாமல் நின்றார்கள். மனு வந்ததும் அரசு மல்லுக்கு நிற்காமல் 2016ல் சமரசத்துக்கு வந்தது. 2017ல் அரசியலமைப்பைத் திருத்தி 18 ஆக்கியது. தீர்ப்பு எழுதாமலே ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் மாறியது. மனுதாரர்கள் இந்த வழியை முதலிலேயே யோசிக்க வேண்டும் என்று நாங்கள் அழுத்தியே சொல்வோம்.

தான்சானியாவில், கர்ப்பமான மாணவிகளைப் பள்ளியிலிருந்து நீக்கும் நடைமுறைக்கு எதிராக 2019ல் மனு வந்தது. 2021 நவம்பரில் அரசே அவர்கள் திரும்பி வரலாம் என்று அறிவித்தது. அதோடு விட்டுவிடாமல் 2022ல் குழு முடிவு சொன்னது: கட்டாயக் கர்ப்பப் பரிசோதனையும் நீக்கலும் உரிமை மீறல்.

[திரை: ஒரு கோப்பு. அதன்மேல் “பரிந்துரை”.]

குரல்: இப்போது பலவீனத்துக்கு வருவோம். குழு தருவது பரிந்துரை. நிறைவேற்றியதைப் பற்றி அரசு திருப்பி அறிக்கை தர வேண்டும். கென்யாவுக்கு ஆறு மாதக் கெடு கொடுத்தார்கள். தராவிட்டால் குழுவால் நேராக ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றத்துக்கு வழக்கைக் கொண்டுபோக முடியாது. எங்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்று குழுவே நீதிமன்றத்திடம் கேட்டது. 2014 டிசம்பரில் பதில் வந்தது: ஆலோசனைக் கருத்துக் கேட்கலாம், வழக்குத் தொடுக்கக்கூடியவர்களின் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை.

அதனால் மனுவின் கடைசிப் பகுதியை, அதாவது என்ன பரிகாரம் வேண்டும் என்பதை, மிகத் துல்லியமாக எழுத வேண்டும். “நூபியக் குழந்தைகளின் உரிமையை மதிக்க வேண்டும்” என்று கேட்டால் அரசு ஒரு சுற்றறிக்கையை நீட்டிவிட்டுப் போய்விடும். எந்த அலுவலகம், எந்தப் படிவம், எந்த விதி, எத்தனை நாளுக்குள் என்று கேட்டால் ஆறு மாதம் கழித்துச் சரிபார்க்க ஏதாவது இருக்கும்.

[திரை: மீண்டும் 18 கட்டங்கள். கடைசிக் கட்டம் மட்டும் ஒளிர்கிறது.]

குரல்: 2003ல் அந்த வழக்கு நைரோபியில் பதிவான வருடம் கிபெராவில் பிறந்த குழந்தைக்கு, மனு வல்லுநர் குழுவிடம் வந்தபோது வயது ஆறு. முடிவு வந்தபோது எட்டு. 2017ல் கிபெராவின் 288 ஏக்கருக்கு அந்தச் சமூகத்தின் கையில் பட்டா வந்தபோது பதினான்கு. 2021ல் பதினெட்டு நிறைந்து அடையாள அட்டைக்குப் போனபோது, சரிபார்ப்புக் குழு அப்போதும் உட்கார்ந்திருந்தது.