கோவையில் முதல் வாடகை வீடு: எந்த ஏரியா சரிப்படும்?

வணக்கம். கல்லூரி முடிந்தது, விடுதியைக் காலி செய்தாயிற்று, கோவையிலேயே வேலையும் கிடைத்துவிட்டது. நண்பர் ஒருவரோடு சேர்ந்து வீடு எடுக்கலாம் என்று முடிவு. எந்தப் பக்கம் பார்ப்பது?

பெரும்பாலானவர்கள் ஆப்பைத் திறந்து, வாடகை குறைந்த வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே போவார்கள். வாடகை இருக்கட்டும். அந்த ஏரியா யாரை நம்பி ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். கடை திறக்கும் நேரம், வீட்டுக்காரர் பேசும் தோரணை, பஸ் வரும் இடைவெளி எல்லாமே அதை வைத்துத்தான் அமைகின்றன.

[திரையில்: அவினாசி சாலை, பீளமேடு]

பீளமேட்டை எடுத்துக்கொள்வோம். 1951இல் பிஎஸ்ஜி டெக், 1956இல் சிஐடி என்று இரண்டு பொறியியல் கல்லூரிகள், அப்புறம் கிருஷ்ணம்மாள் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, பக்கத்திலேயே டைடல் ஐடி பார்க். ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் இறங்கிக் கல்லூரியைத் தேடாதீர்கள். 1940களில் ஜி.டி. நாயுடு முயற்சியில் தொடங்கிய ஆர்தர் ஹோப் கல்லூரி அது. தடாகம் சாலைக்குப் போய் இன்று ஜிசிடி, அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகிவிட்டது. பெயர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் தங்கிவிட்டது.

இங்கே எல்லாம் மாணவர்களை நம்பித்தான். மெஸ், ஜெராக்ஸ், அயர்ன் கடை, ராத்திரி பரோட்டா என எதற்கும் அலைய வேண்டாம். ஆனால் ஏரியா செமஸ்டர் கணக்கில் நடக்கிறது. லீவு விட்டால் சந்துக்குள் இருக்கும் மெஸ்கள் சில மூடிவிடும். உங்கள் ஆபீஸுக்கு செமஸ்டர் லீவு கிடையாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எதிர்ப்பக்கக் கடைகள்தான் அப்போது கைகொடுக்கும்.

இன்னொன்று, இங்கே பல வீட்டுக்காரர்கள் தலைக்கணக்கில் வாடகை பேசுவார்கள். இரண்டு பெட்ரூமில் ஆறு மாணவர்கள் தங்கி ஆளுக்கு இவ்வளவு என்று தருவார்கள். அதே வீட்டுக்கு நீங்கள் இரண்டு பேராகப் போய் நின்றால் அந்தத் தொகை கட்டுப்படியாகாது. கேட்டுப் பார்க்க ஏற்ற நேரம் மே மாதம். பழைய பேட்ச் காலி செய்திருக்கும், புது பேட்ச் வந்திருக்காது. ஜூலையில் பேரம் பேசப் போனால் "வேற ஆள் கேட்டிருக்காங்க தம்பி" என்ற பதில்தான் வரும்.

சரி, சரவணம்பட்டி? குமரகுரு கல்லூரி ஒரு பக்கம், கீரணத்தம் ஐடி வளாகங்கள் இன்னொரு பக்கம். புதுக் கட்டிடங்கள், லிஃப்ட், பிஜி விடுதிகள். பேச்சிலர் என்றால் முகம் சுளிப்பது குறைவு. வேலை அங்கேயே என்றால் யோசிக்க வேண்டாம். வேலை டவுனில் என்றால் காலையும் மாலையும் சத்தி ரோட்டில் கணபதி ஏரியாவைத் தாண்டியாக வேண்டும். அந்த நெரிசலை ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகிறவருக்குத் தெரியாது. வேலை நாளில் சாயங்காலம் ஆறரைக்குப் போய்ப் பாருங்கள்.

மேற்கே வடவள்ளி. வேளாண் பல்கலைக்கும் பாரதியார் பல்கலைக்கும் நடுவில், மருதமலை போகிற வழி. காற்று அருமை, தெரு அமைதி. ஆனால் குடும்பங்களையும் ஓய்வு பெற்றவர்களையும் நம்பி இருக்கிற இடம். டு-லெட் போர்டைப் பார்த்து மணி அடித்தால் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"ஏனுங்க, மேல் வீடு காலியா இருக்குங்களா?"

"இருக்குது கண்ணு. எத்தன பேரு? குடும்பமா?"

"பிரெண்ட்ஸ் ரெண்டு பேருங்க, வேலைக்குப் போறோம்."

"அடடா, குடும்பத்துக்குத்தானே கொடுக்கறோம்."

இதைச் சட்டத்தால் அடித்து நகர்த்த முடியாது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி அனுப்பினால் நகரும். அதே தெருவில் ஏற்கெனவே குடியிருக்கும் சக ஊழியர் யாராவது இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சிங்காநல்லூர்ப் பக்கம் வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய லைன் வீடுகள் உண்டு. வாடகை கையைக் கடிக்காது, மதுரை, திருச்சி போக பஸ் ஸ்டாண்டும் பக்கம். பாத்ரூம் பொதுவா, தனியா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

[திரையில்: மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி]

இப்போது வீட்டுக்குள் வருவோம். கோவையில் தண்ணீர் இரண்டு வகை: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி மேற்கே சிறுவாணி அணையிலிருந்து, கிழக்கிலும் வடக்கிலும் பெரும்பாலும் பில்லூர் அணையிலிருந்து. உப்புத் தண்ணி போர்வெல்லில் வருவது. வீட்டுக்காரரிடம் "தண்ணி வருமா" என்று கேட்டால் "வரும்" என்பார். அது பதில் இல்லை. நல்ல தண்ணி எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை மணிக்கு, கீழே தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். காலை பதினொரு மணிக்குத் தண்ணீர் வந்து, இரண்டு பேரும் ஆபீஸில் இருந்தால் யார் பிடிப்பது? பாத்ரூம் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்து கெட்டியாகியிருந்தால் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும்.

அடுத்தது கரன்ட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் மாடிக்குத் தனி மின் இணைப்பு இல்லாமல், வீட்டுக்காரர் இணைப்பிலிருந்து சப்-மீட்டர் போட்டிருந்தால் அந்த இலவசம் உங்களிடம் வந்து சேராது. யூனிட்டுக்கு அவர் சொல்வதுதான் ரேட். மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று, எங்கள் போர்ஷனுக்கு எது என்று காட்டச் சொல்லுங்கள்.

பஸ்ஸைப் பற்றி வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், ஸ்டாப் டீக்கடையில் கேளுங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று டீக்கடைக்காரருக்குத்தான் தெரியும். சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் பயணம் இலவசம் என்பதால், அந்த வண்டி அடிக்கடி வரும் ஏரியாவில் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாலும் மாதச் செலவு சரியாகிவிடலாம். பெண்கள் விடுதி பார்க்கிறவர்கள், மாவட்ட நிர்வாகத்திடம் பதிவு செய்த விடுதிதானா என்று சான்றைக் காட்டச் சொல்லுங்கள். 2014 சட்டப்படி தனியார் பெண்கள் விடுதிக்குப் பதிவும் உரிமமும் கட்டாயம்.

அட்வான்ஸ் விஷயத்தில் 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாக வைத்திருக்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அதுவே செல்லும். ஆகவே ஐந்து மாதம், ஆறு மாதம் என்று கேட்டால் கையெழுத்துக்கு முன்னால்தான் பேச முடியும். பேசி முடித்ததும், காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க அட்வான்ஸில் வீட்டுக்காரர் எவ்வளவு பிடிப்பார் என்பதையும் அதே பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். சாவி வாங்கும் அன்றே மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.