புட்டு மாவு விரவுன கை

வணக்கம். அடுக்களையில வேல பாத்துட்டே கேக்குற அக்காமாருக்கும், ஒர்க்‌ஷாப்ல ரேடியோவ தொங்கப் போட்டுட்டு கேக்குற தம்பிமாருக்கும் வணக்கம்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடிச்ச நாளு, யாருக்கும் மறந்துருக்காது. மறுநாள் முத்தமெல்லாம் உடஞ்ச ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, ஆளாளுக்கு வாரியல எடுத்து வாரித் தள்ளுனோம்லா? நானுந்தான் வாரினேன், ஆனா தண்ணி தெளிச்சுட்டு வாரினேன், பக்கத்து வீட்டுக்காரரு சாணி தெளிக்கிறீரான்னு கேட்டு சிரிச்சாரு.

எனக்கு இந்தத் தூசி கப்பல்ல பழக்கம். எழுபதுகள் கடைசியில என்ஜின் ரூம்ல ஸ்டீம் பைப்புக்கு லேகிங் போடணும், அதாவது சூடு வெளிய போவாம பைப்பு மேல பூசுற பூச்சு, அந்த மாவுச் சாக்கப் பிரிச்சு ட்ரம்ல தட்டி தண்ணி ஊத்தி வெறுங்கையால பெசையணும். நம்ம வீட்டுல புட்டுக்கு மாவு விரவுவாங்கல்லா, அதே கணக்குதான். சாக்கு தட்டும்போது அப்படியே வெள்ளப் புகையா எழும்பும், புருவம் வரைக்கும் வெளுத்துரும், எங்க கூட்டாளி ஒருத்தன் கண்ணாடியப் பாத்து "தாத்தா ஆயிட்டேன் மக்கா"ன்னு சிரிப்பான். குளச்சல் பக்கத்துக்காரன். அந்த மாவுல இருந்தது ஆஸ்பெஸ்டாஸ்.

முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது, நெஞ்சுல நீரு கட்டிட்டு. டிபின்னு மாத்திரை குடுத்தாங்க. என்ன வேல பாக்கீருன்னு கேட்டதுக்கு தென்னந்தோப்பு பாக்கேன்னுட்டான், அது உண்மதான, முன்னாடி என்ன வேல பாத்தீருன்னு யாரும் கேக்கல. கடைசியில அவன் மக, அப்பா கப்பலுக்குப் போன சிடிசி புக்க, அதாவது கப்பல் வேலைய பதிஞ்சு வைக்கிற புக்க, கொண்டு காட்டுனா, அதுக்கப்புறம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணுனதுல மீசோதீலியோமான்னு வந்துது. நுரையீரலச் சுத்தி இருக்க சவ்வுல வார புற்றுநோயி. தூசி உள்ள போயி இருபது வருஷம், நாப்பது வருஷம் கழிச்சும் வரும், அதுனாலதான் எதுல இருந்து வந்துதுன்னு யாருக்கும் தெரியாமலே போயிருது.

அந்தத் தூசியில இருக்க ஆஸ்பெஸ்டாஸ் நாரு தலமுடிய விட பல மடங்கு மெலிசு, நீளவாக்குல பொளந்துட்டே போவும், உள்ள போனா கரையாது. தூசியா எழும்புனாத்தான் ஆபத்து, அதனால ஷீட்டு கூரையில சும்மா கெடக்கும்போது பெரிய பயம் இல்ல, அறுக்கும்போதும் ஷீட்ட மாட்டுற ஜே போல்ட்டுக்கு ஓட்டை போடும்போதும் உடைக்கும்போதும்தான் வெனை. பழைய பிரேக் லைனர்லயும் அதுதான், மெக்கானிக் தம்பிமாரு ட்ரம்ம கழத்தி ஏர் அடிச்சு ஊதுவீங்கல்லா, ஊதாதீங்க, நனைச்ச துணியால தொடைங்க. படகு என்ஜின் சைலன்சர்ல சுத்துன பழைய கயிறும் அதாத்தான் இருக்கும், நனைச்சுட்டு பிரிங்க. திருப்பிச் சொல்லுதேன், நனைக்கணும். வேலச் சட்டைய வீட்டுல கொண்டு உதறாதீங்க, தொவைக்கிற பொம்பளைகளுக்கு இதே நோயி வந்துருக்கு.

பீடி குடிக்கிறவங்களுக்கு ஒண்ணு. அமெரிக்காவுல லேகிங் வேலக்காரங்கள வச்சு 1979ல கணக்கு பாத்தாங்க. ரெண்டும் இல்லாதவனுக்கு நுரையீரல் புற்றுநோயில சாவுற ஆபத்து ஒண்ணுன்னா, தூசி மட்டும்னா அஞ்சு, சிகரெட் மட்டும்னா பதினொண்ணு, ரெண்டும் சேந்தா அம்பத்து மூணு. கூட்டிப் பாத்தாலும் பதினாறுதான வரணும், பாத்துக்கிடுங்க. மீசோதீலியோமாவுக்கு பீடி கணக்கே இல்ல, தூசி போதும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கைய காட்டுதாரு. நஷ்டஈடு பத்தி விரிவா சொல்லணும்னு வந்தேன், நேரம் இல்ல, தொழில்நோய் பட்டியல்ல இது இருக்குங்கிறத மட்டும் சொல்லிருதேன். கப்பலுக்குப் போனவங்க சிடிசி புக்க பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுராதீங்க, எந்தக் கப்பலு எந்த வருஷம்னு எல்லாம் அதுலதான் கெடக்கு. வணக்கம்.